நடுத்தர வயதினரும் காற்று விளையாட்டுகளும்

திருவனந்தபுரம் நகரின் ஆரியசாலை, சாலைக் கடைவீதியை ஒட்டிய வணிகப் பகுதியாகும். திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசர் காலத்தில் அமைந்தது அக்கடைவீதி. தமிழ் பேசும் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக இங்கே கடை நடத்தி வருகின்றனர். நவராத்திரிக் காலத்தில் பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாக எழுந்தருளும் வேளிமலைக் குமாரசுவாமி தங்குவது ஆரியசாலைத் தேவி கோயிலிலேயாகும். இவ்விடத்திலிருந்து மேற்கே நேர்க்கோட்டில் 5 கிலோமீட்டருக்குள் சங்குமுகக் கடற்கரை உள்ளது. பிற்பகலில் கடற்காற்று கிளம்பினால், கடைகளின் முகப்பில் கட்டிய படுதாக்கள் அதனை முதலில் அறிவிக்கும்.

இத்தகைய கடையொன்றில் இருபது ஆண்டுகளாகக் கல்லாப்பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் 45 வயதினர் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக் விளையாட்டுகளின்போது மார்செய் நகரக் கடலில் பெரும் பட்டங்கள் இழுக்க, பலகைமேல் நின்று நீரில் விரைந்து சென்ற வீரர்களை அவர் தொலைக்காட்சியில் கண்டிருக்கலாம். ‘இந்த வயதில் இதனை நானும் கற்க இயலுமா?’ என்ற வினா அவருக்கு எழுவது இயல்பே. கள ஊழியரிடமும் ஆசிரியரிடமும் இவ்வினாவை யாரேனும் கேட்டால் என்ன விடை கூறுவது என்பதை ஆராய்தல் நலம். இயலும் என்பதே விடை. ஆனால் அவ்விடை சில நிபந்தனைகளுக்கு உட்பட்டது. அந்நிபந்தனைகளுள் பெரும்பாலானவை உடல் வலிமையைப் பற்றியவை அல்ல, காற்றைப் பற்றியவை.

காற்று விளையாட்டுகள் எவை?

காற்றின் விசையைக் கொண்டு நீர்மேல் செல்லும் விளையாட்டுகளுள் மூன்று முக்கியமானவை. முதலாவது, சிறு பாய்மரப் படகு செலுத்துதல். இது நம் கடலோரத்துக்குப் புதியதன்று. இராமநாதபுரம் மாவட்டக் கரையில் தொண்டி முதலிய ஊர்களில் மீனவர்கள் பாய்மரப் படகுப் போட்டிகள் நடத்துவது வழக்கம். இரண்டாவது, பலகையொன்றில் பாயைப் பொருத்தி, அதன்மேல் நின்று செலுத்துவது. விண்ட்சர்ஃபிங் எனப்படும் இதனைப் பாய்ப்பலகை எனலாம். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இது முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. மூன்றாவது, பட்டத்தின் இழுவையால் பலகைமேல் செல்லும் கைட்சர்ஃபிங், அதாவது பட்டச் சறுக்கு.

பட்டத்தைக் கொண்டு வண்டியும் படகும் இழுக்கும் எண்ணம் பழமையானது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளியாசிரியர் ஜார்ஜ் போகாக், பட்டங்களால் இழுக்கப்படும் வண்டிக்கு 1826ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். சாமுவேல் கோடி என்பவர் 1903ஆம் ஆண்டில் பட்டம் இழுத்த சிறு படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். எனினும் நீரில் விழுந்த பட்டத்தை மீண்டும் எழுப்புவது நெடுங்காலம் தீராத இடர்ப்பாடாக இருந்தது. பிரான்சு நாட்டு லெகெனூ சகோதரர்கள், காற்று அடைத்த குழல்களைச் சட்டமாகக் கொண்ட பட்டத்தை உருவாக்கி 1984ஆம் ஆண்டில் காப்புரிமை கோரினர். இப்பட்டம் நீரில் மூழ்குவதில்லை. விழுந்தாலும் கயிற்றை இழுத்து எழுப்பலாம். இன்றைய பட்டச் சறுக்கு இதிலிருந்தே வளர்ந்தது.

காற்றின் கணக்கு

இவ்விளையாட்டில் ஏற்படும் விபத்துகளைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு போதும். ஒரு பரப்பின் மீது காற்று செலுத்தும் விசை, காற்று வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

வினாடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகமுள்ள காற்றில், 12 சதுர மீட்டர்ப் பட்டமொன்றின் இழுவை ஏறத்தாழ 18 கிலோகிராம் எடைக்குச் சமமாகும் எனக் கொள்வோம். அரிசிச் சிப்பம் ஒன்றைத் தாங்குவது போன்றது அது. காற்று மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தை அடைந்தால், அதே பட்டத்தின் இழுவை 73 கிலோகிராமுக்குச் சமமாகும். அது நடுத்தர உடலமைப்புள்ள ஒருவரின் எடையேயாகும். மேலும் பட்டம் நிலையாக நில்லாமல் வானில் குறுக்கே பாயும்போது, பட்டம் உணரும் காற்றின் வேகம் இன்னும் கூடுகிறது. இழுவையும் அதற்கேற்பப் பெருகுகிறது. இவ்விசையைக் கைவலிமையால் தடுக்க எந்த வயதினராலும் இயலாது. இருபது வயது இளைஞரும் ஐம்பது வயதினரும் இவ்வகையில் ஒரே நிலையினரே.

ஆகவே பட்டத்தை அடக்குவது அதன் இருப்பிடத்தை மாற்றுவதாலேயே நிகழ்கிறது. காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும் ஒருவர், தம் முன்னே பெரிய கடிகார முகம் ஒன்று நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். தலைக்கு நேர்மேல் 12 மணி. இடப்புறம் 9 மணி. வலப்புறம் 3 மணி. இவ்விளிம்புகளில் பட்டம் நிற்கும்போது இழுவை மிகக் குறைவு. முகத்துக்கு நேர் எதிரே, காற்று செல்லும் திசையின் நடுவில் பட்டம் வரும்போது இழுவை மிகுதி. பட்டத்தை எப்போது நடுப்பகுதிக்குக் கொண்டுவருவது, எப்போது விளிம்புக்குத் திருப்புவது என்னும் அறிவே இக்கலையின் அடிப்படை.

பட்டத்தின் நான்கு அல்லது ஐந்து கயிறுகள், 20 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமுடையவை, ஒரு பிடிகோலில் வந்து சேர்கின்றன. இழுவையின் பெரும்பகுதியைக் கைகள் தாங்குவதில்லை. இடுப்பில் கட்டிய பட்டையே தாங்குகிறது. பிடிகோலை உடலை நோக்கி இழுத்தால் பட்டம் காற்றை எதிர்கொள்ளும் கோணம் பெருகி, இழுவை கூடும். பிடிகோலை விட்டுவிட்டால் அக்கோணம் குறைந்து, இழுவை தளரும். அதுவும் போதாதபோது, இடுப்பருகே உள்ள விடுவிப்புப் பிடியைத் தள்ளினால் பட்டம் ஒரே கயிற்றில் தொங்கி ஆற்றலிழக்கும். இறுதியாக அக்காப்புக் கயிற்றையும் கழற்றிவிடலாம். இம்மூன்று படிகளையும் கற்பவர் மனப்பாடமாக அறிந்திருத்தல் வேண்டும்.

இங்கே மனித இயல்பு குறுக்கிடுகிறது. எதிர்பாராது இழுக்கப்படும் எவரும், கையில் உள்ளதை இறுகப் பற்றித் தம்பால் இழுப்பதே வழக்கம். ஏணியில் தவறுபவரும் பேருந்தில் தடுமாறுபவரும் அவ்வாறே செய்கின்றனர். அது அவர்களைக் காக்கிறது. பட்டச் சறுக்கில் அதே செயல் இழுவையைப் பெருக்கி, ஆளைத் தூக்கி எறிகிறது. விடுவதைப் பழக்கமாக்கிக்கொண்டவரே இதில் பிழைப்பர். நாற்பது ஆண்டுகள் பற்றிக்கொள்ளவே பழகிய கைக்கு இப்புதுப் பழக்கம் வரச் சற்றுக் காலம் ஆகும். அக்காலத்தைத் தாராளமாகக் கொடுத்தல் வேண்டும்.

வயது செய்யும் மாறுதல்கள்

முப்பது வயதுக்குப்பின் தசையின் அளவு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை குறையும் எனக் கணிக்கப்பட்டுள்ளது. உழைப்பின்றி அமர்ந்திருப்பவரின் உடல் பிராணவாயுவைப் பயன்படுத்தும் உச்சத் திறனும் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகிறது. தசைநாண்களின் நெகிழ்ச்சி குன்றுகிறது. காயம் ஆற நாள் பிடிக்கிறது. இவற்றை மறுக்க இயலாது. ஆனால் முறையான பயிற்சி இக்குறைவைப் பெரிதும் தடுத்து நிறுத்தவல்லது.

கற்கும் திறனைப் பற்றிய அச்சமே பலருக்கு மிகுதி. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்ற பழமொழி நம்மவர் மனத்தில் ஆழப் பதிந்துள்ளது. இதனைச் சோதித்த ஆய்வுகளும் உண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர ஆய்வாளர்கள், ஏறத்தாழ அறுபது வயதுடையோருக்கு மூன்று பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்கும் வித்தையை மூன்று மாதம் பயிற்றுவித்து, முடிவை 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இளைஞரோடு ஒப்பிடும்போது அவ்வித்தையில் முழுத் தேர்ச்சி பெற்ற முதியோர் குறைவே. ஆயினும் கற்றவர்களின் மூளையில், அசைவைக் கண்டறியும் பகுதியின் சாம்பல்நிறப் பொருள் பெருகியிருந்தது. ஐம்பதிலும் வளையும், ஆனால் மெல்ல வளையும் என்பதே இதிலிருந்து பெறப்படும் கருத்து.

உயர்ந்த நிலையிலும் இதற்குச் சான்று உண்டு. அர்ஜென்டினா நாட்டின் சாந்தியாகோ லாங்கே, நுரையீரற் புற்றுநோய்க்காக 2015ஆம் ஆண்டில் அறுவைச் சிகிச்சை பெற்றவர். மறு ஆண்டே ரியோ ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டியில், செசிலியா கரான்சா என்னும் வீராங்கனையுடன் இணைந்து தங்கப் பதக்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 54. அவர் வாழ்நாள் முழுதும் பாய் செலுத்தியவர் என்பதையும் மறத்தலாகாது. புதிதாகத் தொடங்குவோர் அவரைப் பின்பற்ற வேண்டுவது பதக்கத்தில் அன்று, பழக்கத்தில்.

நம் நாட்டில் வேறொரு எச்சரிக்கையும் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுதும் நடத்தி 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வின்படி, வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவும், 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் உள்ளன. இவை தமக்கு இருப்பதை அறியாதோர் பலர். ஆதலின் 40 வயதைக் கடந்தவர், நீரில் இறங்குமுன் இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் ஆகியவற்றை மருத்துவரிடம் சோதித்துக்கொள்வது இன்றியமையாதது. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர், நெடுநேர உழைப்பில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரக்கூடும் என்பதைப் பயிற்சியாளரிடம் முன்னரே தெரிவித்தல் வேண்டும். தோள்பட்டை, முதுகு ஆகியவற்றில் பழைய வலி உள்ளவர் அதனையும் மறைத்தலாகாது.

கரையும் காற்றும்

காற்றின் வேகத்தைப் போலவே அதன் திசையும் உயிர்காக்கும் செய்தியாகும். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல் எனத் தமிழர் திசைக்கொரு பெயர் வைத்தனர். கடலில் இறங்குபவருக்கு இந்நான்கையும்விட முதலில் தெரியவேண்டியது, காற்று கரையை நோக்கி வருகிறதா, கரையிலிருந்து கடலை நோக்கிச் செல்கிறதா என்பதே.

கரையிலிருந்து கடலுக்குச் செல்லும் காற்றில் நீர்ப்பரப்பு அமைதியாகத் தோன்றும். அலை குறைவாக இருக்கும். புதியவர் அதனைக் கண்டு ஏமாறுவர். பலகையிலிருந்து விழுந்தவரை அக்காற்று மணிக்கு 3 கிலோமீட்டர் வீதம் அடித்துச் சென்றாலும், இரண்டு மணி நேரத்தில் அவர் 6 கிலோமீட்டர் உட்கடலில் இருப்பார். ஆதலின் மீட்புப் படகு இல்லாத இடத்தில் அக்காற்றில் இறங்குவது கூடவே கூடாது. நேராகக் கரையை நோக்கி வீசும் காற்றும் நல்லதன்று. கற்பவரை அது கரையிலுள்ள கல்லின்மீதும் மரத்தின்மீதும் மோதவிடும். கரைக்குச் சாய்வாக, கடற்பக்கமிருந்து வரும் காற்றே கற்பதற்கு ஏற்றது.

திருவனந்தபுரக் கரையில் இவ்விரு காற்றுகளும் ஒரே நாளில் மாறி மாறி வீசுவதுண்டு. இரவில் நிலம் விரைவில் குளிர்வதால் விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குச் செல்லும். பகலில் நிலம் சூடேறுவதால் முற்பகலுக்குமேல் கடலிலிருந்து நிலத்துக்கு வரும். கட்டுமர மீனவர் விடியலில் கரைக்காற்றில் பாய் விரித்துச் சென்று, பிற்பகலில் கடற்காற்றில் திரும்பியது இதனாலேயாகும். ஆரியசாலைக்கு அண்மையிலுள்ள சங்குமுகம், பட்டம் கற்க உரிய இடமன்று. விமான நிலையம் அதனை ஒட்டியே உள்ளது, கரையோ சரிவானது, பருவமழைக் காலத்தில் பேரலைகள் அதனை அரித்து வருகின்றன.

தமிழகத்தில் இதற்குப் பெயர்பெற்ற இடம் இராமேசுவரமும் அதனை அடுத்த கரையுமாகும். அங்கே நிலம் குறுகியது. ஒருபுறம் பாக் விரிகுடா, மறுபுறம் மன்னார் வளைகுடா. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கடற்காற்றும், பாக் விரிகுடாப் பக்கம் கரைக்காற்றுமாக அமையும். வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் இது தலைகீழாக மாறும். பல இடங்களில் கடல் ஆழமற்றிருப்பதால், கற்பவர் விழுந்தால் எழுந்து நிற்க இயலும். நடுத்தர வயதினருக்கு இது பெருந்துணை. இலங்கையின் கற்பிட்டியும் இவ்வாறே இரு பருவக் காற்றுகளையும் பெறும் இடமாகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 முதல் தேசியப் பூங்காவாக உள்ளமையால், அங்கே பவளத்தின்மீதும் கடற்புல்லின்மீதும் கால் வைக்கலாகாது.

வானிலை எச்சரிக்கையை எவ்வகையிலும் புறக்கணித்தலாகாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களின் மீனவர் பலர் கடலில் மாண்டனர். கடலிலேயே வளர்ந்தோருக்கு நேர்ந்தது இது. இந்திய வானிலை ஆய்வுத் துறையும், ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையமும் வெளியிடும் செய்திகளை அன்றன்று பார்த்தறிவது கற்பவரின் முதற்கடமை.

கற்கும் முறை

பயிற்சி பெற்ற ஆசிரியரின்றித் தாமே பட்டத்தை வாங்கிக் கற்க முயல்வது பேராபத்து. முதலில் கரையில், 2 அல்லது 3 சதுர மீட்டர்ச் சிறு பட்டத்தைக் கொண்டு கடிகார முகப்பின் பகுதிகளை அறிதல் வேண்டும். அடுத்து விடுவிப்புப் பிடியைக் கண்ணை மூடிக்கொண்டும் தள்ளப் பழகுதல் வேண்டும். பின்பு நீரில், பலகையின்றிப் பட்டம் இழுக்க உடலால் மிதந்து செல்லுதல், பலகையை மீட்டல், பலகைமேல் எழுதல், இறுதியாகக் காற்றுக்கு எதிராகச் சாய்ந்து சென்று, புறப்பட்ட இடத்துக்கே திரும்புதல். தொடக்கப் பாடம் பொதுவாக 9 முதல் 12 மணி நேரம் கொள்ளும். நடுத்தர வயதினர் இதனை ஒருநாள் விட்டு ஒருநாளாகப் பகுத்துக்கொண்டால் உடல் ஆறும்.

முதுகும் தோளும் உறுதியற்றவர், பட்டத்துக்கு முன்னர்ச் சிறு பாய்மரப் படகில் தொடங்குவது அறிவுடைமை. அதில் அமர்ந்தே காற்றைக் கற்கலாம். கயிற்றைத் தளர்த்தினால் பாய் ஆற்றலிழந்துவிடும். நீரிலிருந்து பாயைத் தூக்கி நிறுத்தும் பாய்ப்பலகை முதுகை வருத்தும் எனினும், கைவிட்டால் பாய் உடனே நீரில் விழுந்துவிடுவதால் ஆபத்துக் குறைவு. கோவாவில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இத்தகைய துறைகளில் பயிற்சி அளிக்கிறது.

நடுத்தர வயதினருக்கே உரிய இடர் ஒன்று உண்டு. அது அவசரம். கடையை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு வாரம் ஒதுக்கி வந்தவர், நான்கு நாள் காற்றின்றிக் காத்திருந்து, ஐந்தாம் நாள் மிகுந்த காற்று வீசும்போது ‘நாளை ஊர் திரும்ப வேண்டுமே’ என்று இறங்க எண்ணுவார். காற்று எவருடைய விடுமுறையையும் பார்த்து வீசுவதில்லை. அன்று இறங்காமல் திரும்புபவரையும் கற்றவர் என்றே கொள்ளல் வேண்டும்.

பள்ளியில் ஒரு சோதனை

காற்றைக் காண அதில் ஏதேனும் ஒரு பொருளைக் கலக்க வேண்டும். 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து ஏவப்பட்ட முதல் ராக்கெட், சோடிய ஆவியை வானில் பரப்பி மேல்வளிமண்டலக் காற்றை ஆராய உதவியது. பள்ளியில் இதே தத்துவத்தை இலவம்பஞ்சு கொண்டு விளக்கலாம். திறந்த மைதானத்தில் காற்றின் திசையில் 20 மீட்டர் அளந்து, சிறு பஞ்சுத் துணுக்கொன்றை விடுக. அது 4 வினாடியில் அத்தூரத்தைக் கடந்தால் காற்றின் வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர். 2 வினாடியில் கடந்தால் 36 கிலோமீட்டர்.

அதே நேரத்தில் சிறு காகிதப் பட்டமொன்றைப் பருத்தி நூலில் பறக்கவிட்டு, நூலின் முனையை வில்தராசில் கோத்து இழுவையைக் குறித்துக்கொள்க. மின்கம்பிகள் அருகில் இருத்தலாகாது. கண்ணாடித்தூள் தடவிய நூலைத் தொடலாகாது. காற்று வெவ்வேறாக வீசும் பல நாள்களில் இவ்வாறு குறித்துவந்தால், வேகம் சற்றே கூடும்போதும் இழுவை எத்துணை விரைவாக ஏறுகிறது என்பதை மாணவர் கண்கூடாகக் காண்பர். தெருவில் தூசியும் காகிதத் துண்டுகளும் கிளம்பினால் காற்று மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர் எனவும், சிறு மரங்கள் ஆடினால் 29 முதல் 38 கிலோமீட்டர் எனவும் போஃபர்ட் அளவுகோல் கூறும். இதனையும் அவர்களுக்குப் பயிற்றுவிக்கலாம்.

ஆரியசாலைக் கடைக்காரரும் தம் பயிற்சியை இவ்வாறே தொடங்கலாம். அதற்குக் கடலும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். ஒரு மாத காலம் நாள்தோறும் காலையிலும் பிற்பகலிலும் கடை வாயிலில் நின்று, படுதா எத்திசையில் அசைகிறது, தெருக் காகிதம் எழுகிறதா என்பதைக் கணக்கேட்டின் ஓரத்தில் குறித்துவரட்டும். மாலையில் அன்றைய வானிலைச் செய்தியோடு அக்குறிப்பை ஒப்பிடட்டும். மருத்துவரைக் காணவும், நாள்தோறும் சிறிது தூரம் நடக்கவும் அம்மாதம் உதவும். அதன்பின் கடற்கரையில் ஆசிரியர் முன் நிற்கும்போது, அவர் வலிமையில் இளைஞருக்குப் பின்தங்கியிருக்கலாம். காற்றைப் பற்றிய அறிவில் அவ்வாறு பின்தங்கியிருக்க மாட்டார்.